கூலிக்கு மிதிப்பவரும் விருப்பால் மிதிப்பவரும்

2021-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25-ஆம் நாள். ஜப்பான் நாட்டில் ஃபுஜி மலையடிவாரத்தில் உள்ள மோட்டார்ப் பந்தயத் திடலில் ஒலிம்பிக் மகளிர் சாலை மிதிவண்டிப் பந்தயம் முடிவடைந்துகொண்டிருந்தது. நெதர்லாந்து வீராங்கனை அன்னெமிக் வான் ஃப்ளூட்டன் இரு கைகளையும் உயர்த்தியவராய் முடிவுக் கோட்டைக் கடந்தார். ஐந்தாண்டுகளுக்கு முன்னர் ரியோ நகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில், தங்கம் கைக்கெட்டும் தொலைவில் இருந்தபோது, மலையிறக்கத்தில் விழுந்து முதுகெலும்பில் முறிவுகளோடு மருத்துவமனைக்குச் சென்றவர் அவர். எனவே அன்று அவர் அடைந்த மகிழ்ச்சியை நாம் ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் அவருக்குக் கிடைத்தது வெள்ளிப் பதக்கம். ஒரு நிமிடம் பதினைந்து வினாடிகளுக்கு முன்னரே ஆஸ்திரிய நாட்டுப் பெண்மணி ஒருவர் அதே கோட்டைத் தன்னந்தனியே கடந்து, தரையில் படுத்து மூச்சுவாங்கிக்கொண்டிருந்தார். அப்படி ஒருவர் தமக்கு முன்னே சென்றுவிட்டார் என்பதே வான் ஃப்ளூட்டனுக்குத் தெரியாது.

அந்த ஆஸ்திரியப் பெண்மணியின் பெயர் அன்னா கீசன்ஹோஃபர். வியன்னாவிலும் கேம்பிரிட்ஜிலும் கணிதம் பயின்று, பார்சலோனாவில் முனைவர் பட்டம் பெற்று, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத் தொழில்நுட்பக் கல்விக்கழகத்தில் ஆய்வுப் பணியாற்றியவர். அந்த ஆண்டில் எந்தத் தொழில்முறை அணியும் அவருக்குச் சம்பளம் தரவில்லை. தம் நாட்டிலிருந்து அப்பந்தயத்திற்கு வந்தவர் அவர் ஒருவரே. பயிற்சித் திட்டம், உணவு, கடும் வெயிலுக்கு உடலைப் பழக்குதல் அனைத்தையும் தாமே கணக்கிட்டுக்கொண்டார். அவரிடம் தோற்ற நெதர்லாந்து அணியிலோ நால்வர்; நால்வரும் உலகறிந்த தொழில்முறை வீராங்கனையர்.

செய்தி வெளிவந்தவுடன் பத்திரிகைகள் பலவும் "அமெச்சூர் ஒருவர் தொழில்முறையினரை வென்றார்" என்று எழுதின. அமெச்சூர் என்ற சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அதன் வேர் 'அன்பு செய்தல்' என்று பொருள்படும் இலத்தீன் சொல். கூலி கருதாமல் ஒரு கலையையோ விளையாட்டையோ விரும்பிச் செய்பவர் அமெச்சூர். அதையே பிழைப்பாகக் கொண்டவர் தொழில்முறையாளர். அப்படியானால், விருப்பம் ஒன்றை மட்டும் துணையாகக் கொண்டு உழைப்பவர், வாழ்நாளையே அதற்கு ஒப்புக்கொடுத்தவரை எட்டிப்பிடித்துவிட முடியுமா? இருவருக்குமிடையே உள்ள தொலைவுதான் எவ்வளவு?

முதலில் உடலைப் பார்ப்போம். உழைக்கும் உடல் ஒரு நிமிடத்தில் எவ்வளவு உயிர்வளியை உட்கொண்டு பயன்படுத்தவல்லது என்பது ஓர் அளவை. பயிற்சி ஏதுமற்ற நலமுள்ள இளைஞன், தன் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 40 முதல் 45 மில்லிலிட்டர் வரை பயன்படுத்துவான். பல ஆண்டுகள் ஒழுங்காகப் பயிலும் அமெச்சூர் பந்தய வீரன் 60-ஐ எட்டலாம். தொழில்முறை வீரர்களில் முன்னணியில் இருப்பவர்கள் 75-க்கும் 85-க்கும் இடையில் நிற்கிறார்கள். இதில் ஒரு பகுதி உழைப்பால் வருவது. மற்றொரு பகுதி தாயின் வயிற்றிலேயே கொடுக்கப்பட்டது. இன்று வசதியுள்ள எவரும் வெற்றி வீரர் ஓட்டும் அதே வண்டியைக் கடையில் வாங்கிவிட முடியும். பந்தய வண்டி 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது உலகச் சம்மேளனத்தின் விதி. அந்த எடையில் வண்டி தாராளமாகக் கிடைக்கிறது. நுரையீரலும் இதயமும்தாம் எந்தக் கடையிலும் விற்கப்படுவதில்லை.

இதனை வேறொரு வகையிலும் விளக்கலாம். வீட்டுக் கூரையில் சுழலும் பழைய மின்விசிறி ஒன்றுக்குச் சுமார் 75 வாட் மின்சாரம் வேண்டும். 65 கிலோ எடையுள்ள முன்னணித் தொழில்முறை வீரர் ஒருவர் மலையேற்றத்தில் அரைமணி நேரத்திற்கு மேலாகக் கிலோவுக்கு ஆறு வாட் வீதம் மிதிப்பார். அதாவது, தம் இரு கால்களால் ஐந்து மின்விசிறிகளைச் சுழற்றுகிறார். அதே எடையுள்ள நல்ல அமெச்சூர் வீரர் கிலோவுக்கு நான்கு வாட் தரமுடிந்தால் தம் சங்கத்தில் மதிப்புப் பெறுவார். அவர் சுழற்றுவது மூன்றரை மின்விசிறிகள். ஒன்றரை மின்விசிறிதானே வேறுபாடு என்று எண்ணிவிடக் கூடாது. பிரான்ஸ் நாட்டு ஆல்ப்ஸ் மலையில் ஆல்ப் துவெஸ் என்ற புகழ்பெற்ற ஏற்றம் இருக்கிறது. அதன் நீளம் 13.8 கிலோமீட்டர், வளைவுகள் 21. தொழில்முறையினரில் சிறந்தவர்கள் ஏறக்குறைய நாற்பது நிமிடங்களில் அதன் உச்சியை அடைகின்றனர். நன்கு பயின்ற அமெச்சூருக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டியை வெளியில் எடுப்பவர் ஒன்றரை மணி நேரத்தில் ஏறி முடித்தாலும் அன்றிரவு அவர் தம் வீட்டாரிடம் பெருமை பேசலாம், தவறில்லை.

பிற விளையாட்டுகளில் இல்லாத ஒரு வாய்ப்பு இதில் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். உலகக் கோப்பை நடந்த திடலில் சாதாரண மனிதன் இறங்கிக் கால்பந்தாட முடியாது. ஆனால் மலைச்சாலை எல்லாருக்கும் பொது. 1993-ஆம் ஆண்டு முதல் 'டூர் டி பிரான்ஸ்' பெரும்பந்தயத்தின் ஒரு கட்டத்தை, போக்குவரத்தை நிறுத்திவிட்டு, பொதுமக்கள் ஓட்டிப் பார்ப்பதற்கென ஆண்டுதோறும் ஒரு நாள் ஒதுக்குகிறார்கள். ஆயிரக்கணக்கானோர் திரளுகின்றனர். மருத்துவர், ஆசிரியர், தச்சர், ஓய்வுபெற்றவர் எனப் பலரும் வருவர். குறித்த நேரத்திற்குள் வராதவர்களை ஏற்றிக்கொள்ளப் பின்னாலேயே ஒரு பேருந்து வரும். துடைப்பம்போல் சாலையைக் கூட்டிக்கொண்டு வருவதால் அதற்குத் 'துடைப்ப வண்டி' என்று பெயர். அவர்களிடம் தொழில்முறையினரைப் பற்றிக் கேட்டால், மலையேற்றத்தின் வேகத்தைக் கண்டு வியப்பதைவிட, "இதையே நாளையும் அவர்கள் செய்யவேண்டுமே!" என்றுதான் வியப்பார்கள்.

உண்மையான வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. ஒரு நாள், ஒரு மலை, ஒரு மணி நேரம் என்றால், உயர்ந்த அமெச்சூர் ஒருவர் தொழில்முறையினருக்கு மிக அருகில் வந்துவிட முடியும். டூர் டி பிரான்ஸ் பந்தயமோ 21 கட்டங்கள். ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர். இடையில் ஓய்வு நாள்கள் பெரும்பாலும் இரண்டே. மலைக்கட்டம் ஒன்றில் வீரர் செலவிடும் ஆற்றலை ஈடுசெய்யச் சாதாரண மனிதன் இரண்டு மூன்று நாள் உண்பதை அவர் ஒரே நாளில் உண்ணவேண்டும். பசியில்லாவிடினும் உண்ணவேண்டும். மழையில் நனைந்து, இருமலோடு படுத்தவர், மறுநாள் காலை மீண்டும் புறப்பாட்டுக் கோட்டில் நின்றாக வேண்டும். ஐந்து மணி நேரம் ஓட்டிக் களைத்த பின்னரும், காலையில் இருந்த வலிமையில் பெரும்பகுதியைத் தரவல்ல உடலே தொழில்முறை உடல். அமெச்சூரின் உடல் முதல் மணி நேரத்தில் பளிச்சிட்டு, நான்காவது மணி நேரத்தில் அணைந்துவிடும். ஆண்டுக்கு முப்பதாயிரம் கிலோமீட்டர் அளவில் ஓட்டி, மற்ற நேரமெல்லாம் படுத்து ஓய்வெடுப்பதே தொழில்முறையாளரின் வாழ்க்கை. அமெச்சூரோ விடியுமுன் எழுந்து இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு, பின்பு எட்டு மணி நேரம் வேலைபார்த்து, வீட்டுக்கு வந்து பிள்ளைகளின் பாடத்தையும் பார்க்கவேண்டும். ஓய்வு என்பது அவருக்குக் கிட்டாத செல்வம். கால்களைவிடத் தூக்கத்தில்தான் அவர் தோற்கிறார் என்பது என் எண்ணம்.

இரண்டாவது வேறுபாடு, பிறருக்காக ஓட்டுவது. எதிர்க்காற்றில் மிதிவண்டி மிதித்தவர் எவரும் காற்றின் கொடுமையை அறிவர். முன்னே ஒருவர் செல்ல, அவருடைய சக்கரத்தை ஒட்டிப் பின்னே செல்பவருக்கு உழைப்பில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சமாகும். பெருங்கூட்டத்தின் நடுவில் மறைந்து செல்பவருக்கு இன்னும் மிகுதி. ஆகவே அணியின் தலைவர் கடைசி மலை வரை களைப்பின்றிச் செல்லவேண்டுமாயின், மற்றவர்கள் முறைவைத்துக் காற்றைத் தம் மார்பில் தாங்கிக்கொள்ளவேண்டும். தலைவருக்குத் தண்ணீர் கொண்டுவரவேண்டும். அவருடைய சக்கரம் பழுதானால் தம் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாலையோரத்தில் நிற்கவேண்டும். இத்தகைய துணைவீரரை இத்தாலியர் 'கிரெகாரியோ', அதாவது மந்தையில் ஒருவர், என்பர். பிரெஞ்சுக்காரர் 'தோமெஸ்டிக்' என்பர். வீட்டு வேலைக்காரர் என்பது அதன் பொருள். 1911-இல் டூர் பந்தயத்தின் நிறுவனரான ஆன்றி தேகிராஞ்ஜ் ஒரு வீரரை இழிவுபடுத்த எழுதிய சொல் அது. இன்று அதுவே மதிப்புக்குரிய பதவியின் பெயராகிவிட்டது. தொழில்முறையினரில் மிகப் பெரும்பாலோர் ஒரு பெரும்பந்தயத்திலும் தம் பெயரில் வெற்றி காணாமலேயே ஓய்வுபெறுபவர்கள். பிறருடைய வெற்றிக்காகச் சம்பளம் பெறுபவர்கள். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் முதலாவதாக வரும் அமெச்சூர், அன்று தமக்காக ஓட்டினார். அந்தச் சுதந்திரம் தொழில்முறையாளருக்கு இல்லை.

டோக்கியோ பந்தயத்தின் மர்மம் இங்கேதான் விளங்குகிறது. ஒலிம்பிக்கில் ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் நான்கு பெண்களே அனுமதிக்கப்பட்டனர். காதில் வானொலிக் கருவி கிடையாது. 137 கிலோமீட்டர் பந்தயத்தில், கொடி அசைந்தவுடனேயே கீசன்ஹோஃபர் பாய்ந்து முன்னே சென்றார். வேறு நால்வர் அவரோடு இணைந்தனர். பெருங்கூட்டம் அவர்களைப் பொருட்படுத்தவில்லை; இடைவெளி பத்து நிமிடங்களுக்கு மேல் வளர்ந்தது. ஒவ்வொரு நாட்டாரும், நெதர்லாந்தினர் துரத்தட்டும் என்று காத்திருந்தனர். நெதர்லாந்து நால்வருக்கோ, யாருக்காக யார் உழைப்பது என்பது தெளிவாகவில்லை. முடிவுக்கு 41 கிலோமீட்டர் இருக்கையில் கீசன்ஹோஃபர் தம் தோழியரையும் பின்னே விட்டுத் தனியே சென்றார். பின்னர்க் கூட்டம் விழித்துக்கொண்டு துரத்தி, முன்னே சென்ற மற்ற இருவரைப் பிடித்தபோது, எல்லாரையும் பிடித்துவிட்டோம் என்று எண்ணிக்கொண்டது. தனியே சென்றவரை யாரும் எண்ணவில்லை. வேலைக்காரரைப் பழக்கியிருந்தவர்களுக்கு அன்று வேலைக்காரரும் இல்லை, கட்டளையிடுபவரும் இல்லை. தனியாகவே பயின்று, தனியாகவே கணக்கிட்டுப் பழகியவருக்கு அந்த நிலை புதியதன்று.

ஆயினும் செய்தித்தாள்கள் எழுதியதில் ஒரு சிறு மிகை உண்டு. கீசன்ஹோஃபர் திடீரென வீட்டிலிருந்து வந்தவர் அல்லர். 2016-இல் பிரான்சில் மோன் வாந்தூ மலையில் முடிந்த ஒரு பந்தயக் கட்டத்தில் வென்றிருக்கிறார். 2017-இல் பெல்ஜிய நாட்டுத் தொழில்முறை அணி ஒன்றில் சில காலம் இருந்து விலகினார். நேரத்தை எதிர்த்துத் தனியே ஓட்டும் பந்தயத்தில் தம் நாட்டின் வெற்றியாளராகவும் இருந்தார். டோக்கியோ வெற்றிக்குப் பின்னர் மீண்டும் ஒரு தொழில்முறை அணியிலும் சேர்ந்தார். மறுபுறம், தொழில்முறை எனப்பட்ட பெண்களுக்கும் சம்பளம் உறுதியாக இருந்ததில்லை. மகளிர் அணிகளில் முதல் தரமானவற்றுக்குக் குறைந்தபட்ச ஊதியம் என ஆண்டுக்கு 15,000 யூரோ விதிக்கப்பட்டதே 2020-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்னர், உலகின் தலைசிறந்த பந்தயங்களில் ஓட்டிய பெண்கள் பலர் வேறு வேலையும் செய்தே வயிறு வளர்த்தனர். அவர்களை எந்தப் பெயரால் அழைப்பது? எனவே இந்தக் கோடு நாம் எண்ணுவதுபோல் தெளிவானது அன்று. என்றுமே தெளிவாக இருந்ததில்லை.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போகவேண்டுவதில்லை. கீசன்ஹோஃபருக்கு முன் ஆஸ்திரியாவுக்கு மிதிவண்டியில் ஒலிம்பிக் தங்கம் வாங்கித் தந்தவரின் கதையையே பார்க்கலாம். அது 125 ஆண்டுகளுக்கு முந்தியது. 1896-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள், ஏதென்சுக்கு அருகில் நியோ ஃபாலிரோன் ஓடுதளத்தில் பன்னிரண்டு மணி நேரப் பந்தயம் நடந்தது. காலை முதல் மாலை வரை ஒரே வட்டத்தில் சுற்றிவரும் கொடிய பந்தயம் அது. இறுதிவரை தாக்குப்பிடித்தவர்கள் இருவரே. ஆஸ்திரியரான அடால்ஃப் ஷ்மால் 315 கிலோமீட்டருக்குச் சற்றே குறைவாகச் சுற்றி வென்றார். இரண்டாமவர் ஆங்கிலேயரான பிரடெரிக் கீப்பிங். தோற்றது ஒரே ஒரு சுற்றால். இந்தக் கீப்பிங் யார்? ஏதென்சிலிருந்த பிரிட்டிஷ் தூதரகத்தில் பணியாள். அவருடன் பணிபுரிந்த எட்வர்ட் பேட்டல் என்பவரும் அதே ஒலிம்பிக்கில் சாலைப் பந்தயத்தில் மூன்றாமிடம் பெற்றார். இவ்விருவரும் பந்தயத்தில் கலந்துகொள்ளக் கூடாது என்று அந்நகரில் வாழ்ந்த ஆங்கிலேயர் சிலர் தடுக்க முயன்றனர். காரணம், இவர்கள் வேலைக்காரர்கள். வேலைக்காரன் கனவான் ஆகமாட்டான். கனவான் அல்லாதவன் அமெச்சூரும் ஆகமாட்டான்!

இவ்வாதம் இன்று நமக்கு நகைப்பைத் தரலாம். ஆனால் அக்காலத்து இங்கிலாந்தில் இது வெறும் பேச்சன்று, எழுதப்பட்ட விதியே. 1866-இல் இலண்டனில் தோன்றிய தடகளச் சங்கத்தின் விதியும், 1879-இல் ஹென்லி படகுப் பந்தயத்தினர் வகுத்த விதியும், கைத்தொழிலாளியையும் கூலியாளையும் அமெச்சூர் என்ற வரையறையிலிருந்து பெயர் சொல்லியே விலக்கின. உடலால் உழைப்பவனுக்குத் தசைவலிமை இயல்பாகவே வந்துவிடுமாம். அது கனவான்களுக்கு நியாயமான போட்டியாகாதாம். 'அன்பு' என்ற வேரிலிருந்து பிறந்த சொல், ஏழையின் முகத்துக்கெதிரே கதவைச் சாத்தப் பயன்பட்டது. பசியில்லாதவன் கூலி வாங்காதிருப்பது எளிது. வாரத்திற்கு ஆறு நாள் பட்டறையில் நிற்பவன் பரிசுப் பணத்தைப் பெற்றுக்கொண்டால் அதில் என்ன இழிவு? நல்லவேளையாக, ஏதென்சில் அந்த இரு பணியாளரையும் தடுக்கும் முயற்சி பலிக்கவில்லை.

பிற்காலத்தில் வேறொரு வேடிக்கை நிகழ்ந்தது. ஒலிம்பிக் சாலைப் பந்தயங்கள் 1992 வரையில் அமெச்சூர்களுக்கே உரியவையாக இருந்தன. கிழக்கு ஐரோப்பியப் பொதுவுடைமை நாடுகளில் தொழில்முறை விளையாட்டு என்று ஒன்று இல்லை. ஆகவே அங்குள்ள அனைவரும் ஏட்டளவில் அமெச்சூர்கள். உண்மையில் அரசே அவர்களைப் படைவீரர் என்றோ மாணவர் என்றோ பதிவுசெய்து, ஆண்டு முழுவதும் மிதிவண்டி ஓட்ட வைத்தது. 1988-இல் சியோலில் தங்கம் வென்ற கிழக்கு ஜெர்மானியரான ஓலாஃப் லூட்விக், பெர்லின் சுவர் விழுந்தபின் 1990-இல் தொழில்முறையில் சேர்ந்து, அதே ஆண்டில் டூர் டி பிரான்சில் பச்சைச் சட்டையை வென்றார். அவர் முந்தின ஆண்டு வரையில் உண்மையில் எதில் குறைந்தவராக இருந்தார்? பெயரில் மட்டும்.

ஏழையான அமெச்சூர் ஒருவரின் கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தென் அமெரிக்காவின் கொலம்பிய நாட்டில் ஃபுசகசுகா என்பது மலையும் மலர்த் தோட்டங்களும் நிறைந்த ஊர். அவ்வூரில் தோட்ட வேலை செய்துவந்த லூயிஸ் ஹெரேரா என்ற மெலிந்த இளைஞரை மக்கள் 'குட்டித் தோட்டக்காரன்' என்று அழைத்தனர். 1983-இல் டூர் டி பிரான்ஸ் தன் கதவை அமெச்சூர்களுக்கும் திறந்து, கொலம்பிய அணியை அழைத்தது. மறு ஆண்டு ஹெரேராவும் வந்தார். ஐரோப்பியர் பலர் ஏளனமாகவே பார்த்தனர். சமவெளியில் பெருங்கூட்டத்திற்குள் நெருக்கியடித்து ஓட்டும் கலையில் கொலம்பியருக்குப் பழக்கமில்லை; அதில் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. ஆனால் 1984 ஜூலை 16-இல் ஆல்ப் துவெஸ் ஏற்றம் வந்தது. அன்று ஹெரேரா, அந்த ஆண்டின் டூர் வெற்றியாளராகப்போகும் லொரான் ஃபின்யோனையும் நான்கு முறை வென்றிருந்த பெர்னார் இனோவையும் பின்னே விட்டுவிட்டு, அமெச்சூராகவே முதலாவதாக உச்சியை அடைந்தார். டூர் பந்தயத்தில் ஒரு கட்டத்தை வென்ற முதல் அமெச்சூர் அவர். கடல் மட்டத்திலிருந்து ஆயிரக்கணக்கான அடி உயரத்தில் பிறந்து, காற்றடர்த்தி குறைந்த சரிவுகளில் ஏறி இறங்கி வளர்ந்தவருக்கு எந்தப் பயிற்சிக்கூடமும் தரமுடியாத ஒன்று இருந்தது. ஆயினும் மூன்று வார முடிவில் டூர் அவருடையதாகவில்லை. மூன்று வாரப் பந்தயம் ஒன்றை, 1987-இல் ஸ்பெயின் நாட்டுச் சுற்றினை, அவர் வென்றபோது தொழில்முறையாளராகியிருந்தார்.

அமெச்சூர் வாழ்வு தொழில்முறை வாழ்வுக்கு ஏணியாகவும் இருந்துவந்திருக்கிறது. மிதிவண்டி வீரருள் யாவரினும் பெரியவர் எனப் போற்றப்படும் பெல்ஜியரான எடி மெர்க்ஸ் 1964-இல் பத்தொன்பது வயதில் அமெச்சூர் உலக வெற்றியாளர் பட்டம் பெற்று, மறு ஆண்டு தொழிலில் இறங்கினார். இப்படி ஏறியவர்கள் எல்லாரும் மெர்க்ஸ் ஆகிவிடவில்லை என்பதைச் சொல்லவே வேண்டாம். ஊருக்குள் சிங்கமாக இருந்தவர்கள் பலர் தொழில்முறைக் கூட்டத்தில் தண்ணீர்ப் புட்டி சுமந்தார்கள். வேறு சிலர் இரண்டாண்டில் மனமுடைந்து வீடு திரும்பினார்கள். பிழைப்பு என்று வந்துவிட்டால் ஊக்கமருந்தின் சோதனையும் உடன் வருகிறது. 1998-இல் ஓர் அணியின் ஊர்தி முழுக்க மருந்துகளோடு பிரான்ஸ் எல்லையில் பிடிபட்டதை உலகமே கண்டது.

தொழில்முறை வாழ்வு கேட்கும் விலையைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு இத்தாலி நாட்டின் கிசால்லோ மலைக்கோயில் நினைவுக்கு வருகிறது. கோமோ ஏரிக்கு மேலே 754 மீட்டர் உயரத்தில் தேவமாதாவுக்கு நேர்ந்துகொண்ட சிற்றாலயம் அது. 1905 முதல் நடந்துவரும் லொம்பார்தியச் சுற்றுப் பந்தயம் பல முறை அதன் வாசல் வழியாகவே சென்றிருக்கிறது. ஏறி வந்த களைப்பில் ஓட்டிகள் அங்கே இறங்கி இளைப்பாறுவதைக் கண்ட பங்குத்தந்தை எர்மெலிந்தோ விகானோ, அந்த அன்னையை மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவிக்கவேண்டுமென்று விண்ணப்பித்தார். பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1949-இல் அவ்வாறே அறிவித்தார். அறிவிப்பில் தொழில்முறை, அமெச்சூர் என்ற பாகுபாடு இல்லை. சிற்றாலயத்தின் சுவர்களில் கோப்பி, பார்த்தாலி, மெர்க்ஸ் முதலானோரின் வண்டிகளும் சட்டைகளும் தொங்குகின்றன.

அவற்றினிடையே சேதமுற்ற வண்டி ஒன்றும் இருக்கிறது. அது ஃபாபியோ கசார்ட்டெல்லியுடையது. அதே கோமோ வட்டாரத்தில் பிறந்தவர். 1992-இல் பார்சலோனா ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தில் தம் இருபத்தோராம் வயதில் தங்கம் வென்றார். அமெச்சூர்களுக்கென்றே நடந்த ஒலிம்பிக் சாலைப் பந்தயங்களில் அதுவே கடைசி; நான்காண்டுகளுக்குப் பின் அட்லாண்டாவில் தொழில்முறையினர் வந்துவிட்டனர். எனவே ஒலிம்பிக்கின் கடைசி அமெச்சூர் சாலை வெற்றியாளர் என்ற பெயர் அவருக்கே உரியது. மறு ஆண்டு அவர் தொழில்முறையில் சேர்ந்தார். தலைவர்களுக்காகக் காற்றைத் தாங்கும் வேலை. 1995 ஜூலை 18-ஆம் நாள், டூர் டி பிரான்சின் பதினைந்தாம் கட்டத்தில், பிரனீஸ் மலையின் போர்த்தே தாஸ்பே இறக்கத்தில் பலர் ஒருங்கே விழுந்தனர். கசார்ட்டெல்லியின் தலை சாலையோரக் கற்கட்டையில் மோதியது. அக்காலத்தில் தலைக்கவசம் கட்டாயமில்லை, அவர் அணிந்திருக்கவில்லை. அன்றே உயிர் நீத்தார். வயது 24. வீட்டில் இளம் மனைவியும் பிறந்து சில மாதங்களே ஆன குழந்தையும் இருந்தனர்.

அமெச்சூராக இருந்திருந்தால், அந்த இறக்கத்தில் அவர் விசையைக் குறைத்திருக்கலாம். உடல் சரியில்லை என்று சாலையோரத்தில் நின்றுவிடவும் செய்திருக்கலாம். தொழில்முறையாளருக்கு அந்த உரிமை மிகக் குறைவு. வேகத்தைக் குறைத்தால் கூட்டம் போய்விடும். கூட்டம் போய்விட்டால் நாளைய வேலை போய்விடும். மறுநாள் வீரர்கள் யாரும் பந்தயம் ஓட்டவில்லை. தார்பிலிருந்து போ நகர் வரையிலான மலைக்கட்டம் முழுவதையும் எல்லாரும் ஒரே கூட்டமாக மெதுவாகக் கடந்தனர். முடிவில் கசார்ட்டெல்லியின் அணித் தோழர்களை முன்னே போகவிட்டு மற்றவர்கள் பின்னே நின்றுகொண்டனர். அன்றைய பரிசுப் பணம் அவருடைய குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டது. தலைக்கவசம் தொழில்முறைப் பந்தயங்களில் கட்டாயமாக்கப்பட்டது 2003-இல்; அதற்கும் இன்னொரு வீரரின் மரணம் தேவைப்பட்டது.

இன்று அமெச்சூர், தொழில்முறை என்ற பெயர்கள் சம்மேளனத்தின் ஏடுகளிலிருந்தே நீங்கிவிட்டன. 1996 முதல் உலகப் போட்டிகளில் வயதைக் கொண்டும் தரத்தைக் கொண்டும்தான் பிரிக்கிறார்கள். கிசால்லோ ஏற்றத்தில் ஞாயிறுதோறும் வருவோரை அப்படிப் பிரிப்பவர் யாருமில்லை. பெல்லாஜியோவிலிருந்து பத்துக் கிலோமீட்டர் ஏறிவந்து, வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, வேர்வை வழிய உள்ளே நுழைகிறார்கள். வெளிச்சத்திலிருந்து வந்த கண்களுக்கு முதலில் ஒன்றும் தெரிவதில்லை. சற்றுப் பொறுத்த பின்னரே மேலே தொங்கும் அந்த வண்டி தெரிகிறது.